அரவின் நஞ்சும் அதன் மாற்றும்

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தம் இல்லத்திற்கு எழுந்தருளிய திருநாவுக்கரசருக்கு அமுது படைக்க விழைந்தார். அதற்கு வாழைக்குருத்து வேண்டியிருந்தது. மூத்த மகன் தோட்டத்திற்குச் சென்று குருத்தை அரியும்போது, அரவொன்று அவன் கையைத் தீண்டியது. விருந்துக்கு இடையூறு நேருமே என்று அஞ்சிய அச்சிறுவன், தீண்டியதை எவரிடமும் கூறாமல், இலையோடு விரைந்தோடி வந்து அன்னையிடம் கொடுத்து வீழ்ந்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அரிச்சந்திரன் கதையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அடிமையாய் விற்கப்பட்ட உலோகிதாசன், தருப்பை அறுக்கச் சென்ற இடத்தில் அரவு தீண்டி மாண்டான்.

இவற்றைப் பாடியோர் தெய்வ அருளையும் வாய்மையின் பெருமையையும் காட்டவே பாடினர். எனினும், நாட்டு நடப்பைப் பிழையறக் கண்டவர்கள் அவர்கள் என்பதில் ஐயமில்லை. தீண்டப்பட்ட இருவரும் சிறுவர். இருவரும் பிறர் ஏவிய வேலைக்குச் சென்றவர். ஒருவன் இலை மறைவிலே கையை நீட்டினான். மற்றவன் புல்லிலே கையை வைத்தான். இன்றும் நாட்டுப்புறங்களில் பாம்புக்கடி நேரும் விதம் பெரும்பாலும் இதுவேயாகும். அப்பூதியடிகளின் மைந்தன் செய்தவற்றுள் இரண்டு செயல்களை இக்கால மருத்துவர்கள் அறவே செய்யலாகாது என்பர். ஒன்று ஓடுதல், மற்றொன்று கடித்ததை மறைத்தல்.

இந்திய நாட்டில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டொன்றுக்கு 58,000 பேர் என்பது சராசரி. இவ்விறப்புகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை சிற்றூர்களில் நேர்ந்தவை. இறந்தோரில் நால்வருள் ஒருவர்க்கு மேற்பட்டோர் பதினைந்து வயது நிரம்பாதவர். ஏறத்தாழப் பாதி இறப்புகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தில் நிகழ்ந்தன. இவையனைத்தினும் கருதத்தக்க செய்தி வேறொன்று உண்டு. நான்கு இறப்புகளுள் மூன்றுக்கு மேற்பட்டவை மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்தவை. மருந்து பயன்படாமல் இறந்தோரினும் மருந்தை அடையாமல் இறந்தோரே மிகப் பலர் என்பது இதனால் விளங்கும்.

நெல் விளையும் இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தைப் பாம்பு நாடும். வைக்கோற்போரும் விறகுக்குவியலும் வரப்பு வளையும் அதற்கு உறைவிடங்கள். வெறுங்காலோடு இருளில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவர், களையெடுக்கும் பெண்டிர், மாட்டுக்குப் புல் அறுக்கும் சிறுவர், தரையிற் பாய் விரித்துத் துயில்வோர் ஆகியோரே மிகுதியும் கடிபடுகின்றனர். பாம்பு மனிதனைத் தேடி வருவதில்லை. அது தன் இரையைத் தேடுகிறது. அந்த வழியில் மனிதன் காலையோ கையையோ வைத்துவிடுகிறான்.

இந்நாட்டில் உயிரைக் கொள்ளும் பாம்புகளுள் முதன்மையானவை நான்கு. அவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பன. இவற்றுள் கட்டுவிரியன் என்னும் பெயர் சிறிது மயக்கம் தருவது. பெயரில் விரியன் என்று இருப்பினும் அது விரியன் இனத்தைச் சார்ந்ததன்று. நல்லபாம்பின் குடும்பத்தைச் சார்ந்தது. உண்மையான விரியன்களின் நஞ்சு குருதியைக் கெடுக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சோ நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஏவலைத் தடுக்கும்.

நல்லபாம்பு கடித்தால் கடிவாயில் வலியும் வீக்கமும் தோன்றும். சிறிது பொழுதில் கண்ணிமைகள் தாமே கவிழும், நாக்குக் குழறும், உமிழ்நீரை விழுங்க இயலாது, இறுதியில் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடும். கடிபட்ட இடத்துச் சதை அழுகுவதும் உண்டு. கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கம் மிகும், குருதி உறையும் இயல்பை இழக்கும், பல் ஈறுகளிலிருந்தும் பழைய புண்களிலிருந்தும் குருதி கசியும், சிறுநீரகம் பழுதுபடும். சுருட்டை விரியன் உருவில் சிறியது; வறண்ட நிலங்களில் வாழ்வது. அதன் நஞ்சும் குருதியையே தாக்கும்.

இந்நான்கனுள் மிகவும் வஞ்சகமானது எது எனின், கட்டுவிரியன் எனலாம். அது இரவில் இயங்குவது, குடிசைக்குள்ளும் புகுவது. அதன் பற்கள் மிகச் சிறியவை. ஆதலின் துயில்வோரை அது கடித்தால், எறும்போ கொசுவோ கடித்ததாக எண்ணிப் புரண்டு படுத்துவிடுவோர் பலர். கடிவாயில் வீக்கம் இல்லை. பற்குறியும் பல வேளைகளில் புலப்படுவதில்லை. விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்து வலிக்கும், வாந்தி வரும், தொண்டை அடைக்கும். முன்னிரவில் உண்ட உணவு ஒவ்வவில்லை போலும் என்று வீட்டார் ஓமநீரும் சுக்குக் கஷாயமும் கொடுத்துக்கொண்டிருப்பர். அதற்குள் குழந்தையின் இமைகள் கவிழத் தொடங்கும். தூக்கக் கலக்கம் என்று அதனையும் தவறாகக் கருதுவர். தரையிற் படுத்துத் துயின்றவர் காலையில் வயிற்றுவலியோடும் கவிழ்ந்த இமையோடும் எழுந்தால், பாம்பைக் கண்டவர் ஒருவரும் இல்லாவிடினும், கட்டுவிரியன் கடித்திருக்கலாம் என்று ஐயுற்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நான்கு புறமும் பாயின்கீழ்ச் செருகப்பட்ட கொசுவலை, கொசுவை மட்டுமன்றி இப்பாம்பையும் தடுத்து நிறுத்தும்.

கடி நேர்ந்தவுடன் ஊரில் நிகழ்வன யாவை? சிலர் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவர். சிலர் கத்தியாற் கீறுவர். சிலர் வாயால் உறிஞ்சுவர். வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா என்று வினவுவர். மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்பர். பிறகு மந்திரிப்பவரைத் தேடி ஓர் ஊருக்கும், பச்சிலை கொடுப்பவரைத் தேடி மற்றோர் ஊருக்கும் தூக்கிச் செல்வர். இவ்வாறு அரைநாள் கழிந்துவிடும்.

மந்திரித்ததனால் பிழைத்தார் என்று ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேரைக் காட்டுவர். அவர்கள் பிழைத்தது பொய்யன்று. ஆனால் காரணம் வேறு. கடிக்கும் பாம்புகளிற் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப்பாம்பு முதலிய நஞ்சற்ற பாம்புகள். நஞ்சுள்ள பாம்பும் கடிக்கும்போதெல்லாம் நஞ்சை இறக்குவதில்லை; வெறும் பல்லால் கடித்துவிட்டு அகல்வதும் உண்டு. இத்தகைய கடிகளில் மந்திரம் ஓதினாலும் பிழைப்பர், ஓதாவிட்டாலும் பிழைப்பர். மெய்யாகவே நஞ்சு ஏறியவன் மாண்டால், விதி முடிந்தது என்று கூறிவிடுவர். பிழைத்தவன் மந்திரத்தின் கணக்கிலும், மாண்டவன் விதியின் கணக்கிலும் எழுதப்படுவதால், மந்திரத்திற்கு என்றும் பழுது நேர்வதில்லை.

கயிற்றுக்கட்டு இதனினும் தீங்கானது. விரியன் நஞ்சு ஏறிய உறுப்பிலே இறுகக் கட்டினால் குருதியோட்டம் நின்று அவ்வுறுப்பே அழுகிப்போகலாம். மேலும், தேங்கிய நஞ்சு கட்டை அவிழ்த்தவுடன் ஒருங்கே உடலுக்குள் பாயக்கூடும். ஆதலால் கட்டோடு வந்தவரின் கட்டை, மருந்தும் மூச்சூட்டும் கருவியும் ஆயத்தமாக வைத்துக்கொண்ட பின்னரே மருத்துவர் தளர்த்துவர். செய்யத்தக்கது எளிது. கடிபட்டவரைத் தேற்றி அசையாமல் இருத்தல் வேண்டும். எலும்பு முறிந்தவர்க்குச் செய்வதுபோல் கடிபட்ட உறுப்பிற்குப் பலகைச் சட்டம் வைத்து நெகிழ்ச்சியாகக் கட்டுதல் வேண்டும். மோதிரம், வளையல், காற்கொலுசு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுதல் வேண்டும். பின்னர் நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்னும் எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி வருகிறது. பாம்பை அடித்துக் கொண்டுவருதல் வேண்டுவதன்று. அதனைத் தேடுவதில் வீணாகும் பொழுது ஒருபுறம். அதனால் இரண்டாம் ஆள் கடிபடுவது மற்றொருபுறம்.

அரவின் நஞ்சுக்கு மருந்து அரவின் நஞ்சிலிருந்தே கிடைத்தது என்பது வியப்புக்குரிய வரலாறு. முற்காலத்தில் மூலிகைகளும் பாடாணங்களும் மருந்துகளாக வழங்கின. தென்னாட்டில் புகழ்பெற்றிருந்த தஞ்சை மாத்திரை என்பதில் வெள்ளைப்பாடாணம் கலந்திருந்தது. ஒரு நஞ்சுக்கு மற்றொரு நஞ்சு என்பது அக்காலத்துத் துணிபு போலும். கிழக்கிந்தியக் கும்பெனியாரின் இயற்கைநூல் வல்லுநராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்பார் அம்மாத்திரையையும் ஆராய்ந்தார். சோழமண்டலக் கரையில் அவர் திரட்டிய பாம்புகளைப் பற்றிய நூல் 1796-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் அவர் பெயரையே கொண்டது.

உண்மையான மாற்று மருந்துக்கு வித்திட்ட நிகழ்ச்சி வியட்நாம் நாட்டில் நேர்ந்தது. 1891-ஆம் ஆண்டில் அங்கே பெருவெள்ளம் ஒன்று வந்தது. வெள்ளத்திற்கு அஞ்சிய நாகங்கள் சிற்றூர் ஒன்றனுள் புகுந்து நாற்பது பேரைக் கடித்தன, நால்வர் மாண்டனர். அப்போது சைகோன் நகரில் ஆய்வுக்கூடம் நடத்திவந்த ஆல்பெர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு மருத்துவர், அப்பாம்புகள் சிலவற்றைப் பெற்று நஞ்சினை ஆராயத் தொடங்கினார். விலங்கின் உடலில் நஞ்சை மிகச் சிறிய அளவில் செலுத்தி, நாள் செல்லச் செல்ல அளவைக் கூட்டினால், அதன் குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் தானே உண்டாகிறது என்பதை அவர் கண்டார். பாரிஸ் நகரில் பிசாலிக்ஸ், பெர்த்திரான் என்னும் இருவரும் தனியே ஆராய்ந்து 1894-இல் இதே முடிவை வெளியிட்டனர். இக்காலத்திலும் குதிரைகளின் குருதியிலிருந்தே நஞ்சுமுறி மருந்து எடுக்கப்படுகிறது.

நாகத்தின் நஞ்சுக்கு ஆக்கிய மருந்து எல்லாப் பாம்புக்கும் பயன்படும் என்று கால்மெட் நம்பினார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பிரேசில் நாட்டு அறிஞர் விட்டால் பிரசீல் என்பார், தம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சை அம்மருந்து முறிக்கவில்லை என்று காட்டினார். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல, எந்தப் பாம்பின் நஞ்சோ அந்தப் பாம்பின் நஞ்சிலிருந்தே மருந்தும் ஆக்கப்பெறுதல் வேண்டும். ஆதலின் இந்தியாவில் ஆக்கப்படும் மருந்துக்கு முற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சும் இன்றியமையாதது.

அந்நஞ்சிற் பெரும்பகுதியை நெடுங்காலமாக நாட்டுக்கு வழங்கி வருவோர் செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் மக்கள். பாம்பு ஊர்ந்த தடத்தையும், வளையின் வாயில் மண் படிந்திருக்கும் விதத்தையும் கண்டே உள்ளிருப்பது இன்னதென்று உரைக்கும் அறிவுடையோர் அவர்கள். முன்னர்ப் பாம்புத்தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் அவ்வணிகம் நின்றுபோகவே, பிழைப்புக்கு வழியின்றி வாடினர். ராமுலஸ் விட்டேக்கர் என்பாரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அதன் நஞ்செடுக்கும் நிலையம் உள்ளது. பிடித்த பாம்புகளை மண்பானைகளில் இட்டு, வாயைத் துணியாற் கட்டி வைப்பர். ஏறத்தாழ மூன்று வாரத்திற்குள் நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். ஒரே பாம்பைப் பன்முறை வருத்தாமல் இருக்கவே இவ்வடையாளம். இச்சமூகத்தைச் சார்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்குச் சென்று, அங்கே பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பள்ளியிற் பயிலாத அறிவு என்று இகழப்பட்டதை நாடு மதிக்க இத்தனை காலம் ஆயிற்று.

மருத்துவமனையில் முதற்கண் நடைபெறும் சோதனை மிக எளியது. கண்ணாடிக் குழாய் ஒன்றில் கடிபட்டவரின் குருதியை இரண்டு மில்லிலிட்டர் எடுத்து, இருபது நிமிடம் அசையாமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறைந்திருந்தால் அப்போதைக்கு நன்று. நீர்போல் ஒழுகினால் விரியன் நஞ்சு ஏறியுள்ளது என்பது துணிபு. இதற்கும் ஒரு நுட்பம் உண்டு. குழாய் புதியதாகவும் உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். சோப்பு இட்டுக் கழுவிய குழாயில் நல்ல குருதியும் உறையாமற்போகும். முதற் சோதனையில் உறைந்திருப்பினும் பல மணிநேரம் கண்காணித்தே வீட்டிற்கு அனுப்புவர்.

நஞ்சு ஏறியமை தெளிந்தவுடன் நஞ்சுமுறி மருந்தை நரம்பு வழியே செலுத்துவர். பத்து மில்லிலிட்டர் கொண்ட ஒரு குப்பி மருந்து, ஏறத்தாழ ஆறு மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்க வல்லது. அப்பாம்பு ஒரு கடியில் இறக்கும் நஞ்சு சராசரியாக 63 மில்லிகிராம் என்று கணித்துள்ளனர். ஆகவேதான் தொடக்கத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பிகள் தேவைப்படுகின்றன. குழந்தைக்கும் இதே அளவுதான். பிற மருந்துகளை உடலின் எடைக்கேற்பக் குறைத்துக் கொடுப்பதை அறிந்த பெற்றோர், இதனைக் கண்டு அஞ்சுவதுண்டு. பாம்பு, குழந்தை என்று கருதி நஞ்சைக் குறைத்து இறக்குவதில்லை. முறிக்க வேண்டியது நஞ்சை. குழந்தையின் எடை அதற்கு அளவாகாது.

குதிரையின் குருதியிலிருந்து பெறப்பட்டதாகையால் இம்மருந்து சிலர் உடலுக்கு ஒவ்வாமல், தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாகலாம். அதனை அடக்கும் அட்ரினலின் மருந்தை மருத்துவர் அருகிலேயே வைத்திருப்பர். வீட்டிலோ வழியிலோ இம்மருந்தைக் கொடுத்தல் ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

மேலும், நஞ்சுமுறி மருந்து குருதியில் உலவும் நஞ்சையே பற்றும். ஏற்கெனவே நரம்பின் முனைகளைச் சிதைத்துவிட்ட கட்டுவிரியன் நஞ்சை அதனால் மீட்க இயலாது. பழுதுபட்ட சிறுநீரகத்தையும் அது செப்பனிடாது. காலந்தாழ்ந்து வந்தவர்க்கு மருந்து இருந்தும் பயன் குன்றுவது இதனாலேயே. அந்நிலையிலும் மருத்துவர் கைவிடுவதில்லை. மூச்சு நின்றவர்க்குக் கருவியின் உதவியால் நாட்கணக்கில் மூச்சூட்டுவர். இமையைத் திறக்கவும் விரலை அசைக்கவும் இயலாமற் கிடப்பவர், சுற்றிலும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பதும் உண்டு. நரம்பு முனைகள் மெல்ல மெல்லத் தழைத்தபின் அவர் தாமே மூச்சுவிட்டு எழுந்து அமர்வார். பிணம் என்று கருதி ஊரார் அழத் தொடங்கிய பின்னர் மருத்துவமனையில் உயிர் பெற்றோர் இத்தகையோரே.

எல்லாப் பாம்புக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று கூறுதற்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் ஒருவகைக் குழிவிரியனின் நஞ்சை இந்திய மருந்து முறிப்பதில்லை. ஒரே பாம்பின் நஞ்சும் இடத்திற்கு இடம் வேறுபடுவதால், தென்னாட்டு நஞ்சிலிருந்து ஆக்கிய மருந்து வடநாட்டு நாகத்திற்குப் போதிய பயன் தருவதில்லை என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பிழைத்தோருள்ளும் விரலை இழந்தோர், சிறுநீரகம் கெட்டோர், மீண்டும் வயலில் இறங்க அஞ்சி உழவையே விட்டோர் உளர். அவர்களை எண்ணிக் கணக்கிட்டோர் இல்லை.

இக்குறையை நீக்கும் முயற்சி அண்மையிலேதான் தொடங்கிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிற் சேர்த்தது. இவ்விறப்புகளை 2030-ஆம் ஆண்டிற்குள் பாதியாகக் குறைக்கும் திட்டமொன்றை இந்திய அரசு 2024 மார்ச்சுத் திங்களில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆணையிட்டது. கடிபட்டு வரும் ஒவ்வொருவரையும் பற்றி மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். எந்த வட்டாரத்தில், எந்தத் திங்களில் கடி மிகுகிறது என்பது தெரிந்தால், அங்குள்ள சுகாதார நிலையத்திற்கு எத்தனை குப்பிகள் அனுப்புதல் வேண்டும் என்பதை அறுவடைக்கு முன்னரே கணக்கிட்டுவிடலாம்.